கொப்பியில் ஏறிய விலை ஏன் இறங்கவில்லை? – இலங்கையில் அரிசி, பால்மா, தேங்காய் (2025ஆம் ஆண்டு இணைய இழை)

பதிவு 1 – தாவடிப் பிள்ளை

அம்மாவிடம் ஒரு கடைக்கொப்பி இருக்கிறது. சந்தைக்கோ கூட்டுறவுச் சங்கக்கடைக்கோ போய்வந்தால், சாமான்களை எடுத்துவைப்பதற்கு முன்னமே விலைகளை அதில் எழுதிவிடுவார். அப்பாவுக்குக் கணக்குக் காட்டத் தொடங்கிய பழக்கம். அப்பா போய் எட்டு வருடமாகியும் விடவில்லை. நேற்று 'தேங்காய் 1 – 200' என்று எழுதிவிட்டு, முன்னைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

400 கிராம் பால்மா 2020 தொடக்கத்தில் 380 ரூபா. 2021 ஒக்டோபரில் 480. 2022 பிறந்தபோது 540. அதே மார்ச்சில் 790. பிறகு ஆயிரத்தைத் தாண்டியது. 2022 ஜூன், ஜூலைப் பக்கங்களில் பால்மா என்ற சொல்லே இல்லை. கிடைக்கவில்லையா, வாங்கவில்லையா என்று கேட்டேன். "இரண்டும்தான்" என்றார்.

நாட்டரிசிக்கு ('நாடு' என்ற வகை அரிசி) 2021 செப்டெம்பரில் அரசாங்கம் போட்ட உச்சவிலை கிலோ 98 ரூபா. அம்மா அதை எழுதிப் பக்கத்திலேயே 'இல்லை' என்றும் எழுதியிருக்கிறார். அந்த விலைக்கு எந்தக் கடையிலும் அரிசி இருக்கவில்லை. 2022 மே மாதம் உச்சவிலை 220. 2025இல் 230. 12.5 கிலோ காஸ் 1493 ரூபாவாக இருந்து 2022 ஏப்ரலில் 4860க்குப் போனது.

என் கேள்வி இதுதான். 2022இல் டொலர் இல்லை, கப்பல் வந்தும் சாமான் இறங்கவில்லை, அதனால் விலை ஏறியது, விளங்குகிறது. இப்போது கியூ இல்லை, கடை நிறையச் சாமான் இருக்கிறது, பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியிலும் சொல்கிறார்கள். அப்படியென்றால் அம்மாவின் கொப்பியில் ஏன் ஒன்றும் இறங்கவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.


பதிவு 2 – புறக்கோட்டைக் கணக்கு

தங்கச்சி, நான் கொழும்பில் பருப்பு, கடலை, செத்தல் மிளகாய் இறக்கும் ஓரிடத்தில் 27 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் 'பணவீக்கம் குறைந்தது' என்ற பேச்சு. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கியது ஏறத்தாழ 195 ரூபா ஆயிற்று. 2024 செப்டெம்பரில் மொத்தப் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே, -0.5 வீதத்துக்குப் போனது. ஆனால் இந்தக் கணக்கு எப்போதும் போன வருடத்தோடுதான் ஒப்பிடும், 2020ஓடு ஒப்பிடாது. ஏறிய மாடியிலேயே நின்றுகொண்டு, 'இனி ஏறவில்லை' என்று சொல்வதுபோல. கீழே வந்துவிட்டோம் என்று ஆகாது.

ஏன் கீழே வரவில்லை என்றால், முதற்காரணம் நாணயம். 2022 மார்ச் முதற்கிழமை வரை ஒரு டொலர் ஏறத்தாழ 203 ரூபா. அதைப் பிடித்து வைத்திருந்த கையை மத்திய வங்கி விட்டதும் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2025இல் 300க்குப் பக்கத்தில். மைசூர்ப் பருப்பு ஒரு மணியும் இங்கே விளைவதில்லை, எல்லாம் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து வருவது. கோதுமையும் அப்படியே. வெளியில் விலை மாறாமலே இருந்தாலும், 203 கொடுத்து வாங்கிய டொலருக்கு 300 கொடுத்தால் கிலோவிலும் அதே பங்கு ஏறித்தான் நிற்கும்.

அந்த நாட்களில் துறைமுகத்தில் என்ன நடந்தது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணவுக் கொள்கலன்கள் வந்து இறங்கிக் கிடந்தன. பொருள் கண் முன்னால். வங்கியில் டொலர் இல்லாததால் பத்திரம் விடுவிக்க முடியாது. ஒவ்வொரு நாளும் தாமதக் கட்டணம் ஏறும், குளிரூட்டிய பெட்டியென்றால் மின்சாரக் காசும் சேரும். எங்களுடைய பெட்டி ஒன்றை ஆறு கிழமைக்குப் பிறகு திறந்தோம். பெரிய வெங்காயம். கதவு திறந்ததும் நாற்றத்தில் சுமைகூலிக்காரர்கள் பின்னால் போனார்கள். மூடைகளுக்குள்ளிருந்து பச்சைத் தாள் ஒரு சாண் முளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் கொட்டினோம். கொட்டியதன் விலையும் தாமதக் காசும் மிச்சமிருந்த நல்ல வெங்காயத்தின் தலையில்தான் ஏறியது. கடையில் அதை வாங்கியவர் முதலாளி கொள்ளையடிக்கிறார் என்று திட்டியிருப்பார். அன்றைக்கு அந்தப் பெட்டியில் யாருக்கும் லாபம் இருக்கவில்லை.


பதிவு 3 – வட்டக்கச்சி வயல்

பருப்பும் கோதுமையும் கப்பலில் வருவது, சரி. அரிசி எங்கள் மண்ணில் விளைவது. அது ஏன் 98இலிருந்து 220க்குப் போனது என்பதை வயலில் நின்றவன் சொல்லவேண்டும்.

2021 ஏப்ரலில் இரசாயன உரம் இனி வராது என்றார்கள். மே மாதம் அரச வர்த்தமானி வந்தது. நஞ்சில்லாத உணவு நல்லதுதான், அதற்கு நான் எதிரியில்லை. 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்கு யூரியா ஒரு பிடியும் வராது. பூவரசங்குழையும் மாட்டெருவும் போட்டுத்தான் அப்பா வயல் செய்தார். ஆனால் அது குறைந்த விளைச்சலுக்கென்றே இருந்த பழைய நெல், வருடக்கணக்காக எரு தின்று பழகிய மண். இப்போது நாம் விதைக்கும் புதிய இனங்கள் யூரியாவை நம்பி உருவானவை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஏக்கருக்கு இரண்டு மூடை யூரியா போடுகிறோம் என்று வையுங்கள், 100 கிலோ. அதில் நைதரசன் 46 கிலோ. சேதனப் பசளையில், அதாவது இயற்கை உரத்தில், நூற்றுக்கு ஒன்றரைக் கிலோ நைதரசன் இருந்தாலே பெரிய விஷயம். அதே 46 கிலோவைப் பெற மூன்று தொன் பசளை ஏற்றிவந்து பரப்பவேண்டும். ஒரு ஏக்கருக்கே அவ்வளவு. முழு இலங்கைக்கும் ஆறு மாதத்தில் யார் செய்வது, எந்த மாட்டிலிருந்து எடுப்பது? சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதன உரத்தில் நோய்க்கிருமி இருக்கிறது என்று திருப்பினார்கள். கடைசியில் அதற்கும் காசு கட்டினார்கள்.

தடையை நவம்பர் கடைசியில் எடுத்தார்கள். அறிவித்தல் வந்துவிட்டது, ஆனால் பயிருக்கு உரம் வரவில்லை. மாரி மழையோடு செய்யும் காலபோக நெல்லுக்கு இரண்டாம் கிழமை, ஐந்தாம் கிழமை, ஏழாம் கிழமை என்று உரம் போடும் நாள் இருக்கிறது. அது தவறினால் பிறகு தங்கத்தைப் போட்டாலும் நெல் ஏற்காது. மார்கழியில் வரம்பில் நின்று பார்த்தால் வயல் முழுக்க எலுமிச்சை நிறம். பக்கத்து வயல்காரர் எங்கேயோ கள்ளவிலைக்கு அரை மூடை வாங்கிவந்து ஒரு துண்டுக்கு மட்டும் போட்டார். அந்தத் துண்டு மட்டும் கரும்பச்சையாகத் தெரிந்தது. பிறகு 50 கிலோ மூடை கள்ளச்சந்தையில் 40,000 வரை போனது. இந்தியக் கடனுதவியில் வந்த யூரியாவை அரசாங்கம் 10,000க்குக் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

எனக்கு ஏக்கருக்கு 30 மூடை வந்த வயலில் அந்தப் போகம் 13 மூடை. இலங்கை முழுவதும் காலபோக விளைச்சல் மூன்றிலொரு பங்குக்கும் மேல் விழுந்தது. அதற்கு முன் தன் சோற்றைத் தானே விளைத்த நாடு அரிசிக்குக் கப்பல் பார்த்து நின்றது.


பதிவு 4 – ஸ்காபரோவிலிருந்து (கனடா)

வாசிக்க வயிறு எரிகிறது. ஆனால் முழுப் பழியையும் டொலரிலும் உரத்திலும் போட்டுவிட்டு வியாபாரிகளை விட்டுவிடாதீர்கள். 2020 ஒக்டோபரில் சீனியின் இறக்குமதித் தீர்வையைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதத்துக்குக் குறைத்தார்கள். மக்களுக்கு ஒரு ரூபா குறைந்ததா? அடுத்த வருடம் ஓகஸ்ட் கடைசியில் பதுக்கலைப் பிடிக்கிறோம் என்று அவசரகாலச் சட்டமே போட்டார்கள். அரிசி ஆலை முதலாளிமார் சிலருடைய கையில்தான் முழுச் சந்தையும் இருக்கிறது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இறக்குமதியை மூடவேண்டும். 70களில் சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு வெளியிலிருந்து வராது. யாழ்ப்பாணத் தோட்டக்காரன் தலை நிமிர்ந்த காலம் அது. படித்த பெடியள் விசுவமடு, முத்தையன்கட்டு என்று போய் மிளகாய் நட்டார்கள். எங்கள் வீட்டின் கல்வீடும் அப்பாவின் உழவு இயந்திரமும் செத்தல் மிளகாயில் வந்தவை. 77க்குப் பிறகு கதவைத் திறந்தார்கள், எல்லாம் போயிற்று. அந்தக் காலம் திரும்ப வந்தால் ஒரு தட்டுப்பாடும் வராது.


பதிவு 5 – கொட்டகலை ஆசிரியை

அண்ணா, உங்கள் அப்பாவின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் 'அந்தக் காலம் திரும்ப வரவேண்டும்' என்று தயவுசெய்து மலையகத்தாரிடம் சொல்லாதீர்கள்.

அதே 73, 74ஆம் ஆண்டுகள். கூப்பனுக்குக் கொடுத்த பங்கீட்டு அரிசியை வெட்டினார்கள். மாவும் இல்லை. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு கொத்துக்கு மேல் அரிசி கொண்டுபோகக் கூடாது, வீதியில் தடைபோட்டு பஸ்ஸில் பையைத் தட்டிப் பார்ப்பார்கள். வடக்கில் மிளகாய் நட நிலம் இருந்தது. எங்களுக்கு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலுக்கு வெளியே ஒரு முழமும் சொந்தமில்லை. தேயிலைக்கு நடுவில் இருந்தோம், அதைத் தின்ன முடியாது. என் பாட்டி அந்த வருடங்களில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தார். ஒன்றுக்கு மூன்று வயது, மற்றது பால்குடி. பசியால் செத்தார்கள் என்று அவர் சொன்னதே இல்லை. 'அந்த வருஷம் வவுத்துக்கு ஒண்ணும் இல்ல' என்பார். அவ்வளவுதான். தோட்டங்களில் அப்போது இறப்பு வீதம் ஏறியது பதிவிலும் இருக்கிறது. அப்பாவின் குடும்பத்தில் பாதிப்பேர் வேலை தேடி வன்னிக்கு இறங்கிப் போனார்கள். உங்கள் விசுவமடு மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு.

2022க்கு வருகிறேன். தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபா. அந்தச் செப்டெம்பரில் கோதுமை மா எங்கள் கடையில் கிலோ 400ஐத் தொட்டது. ஆறு பேர் உள்ள வீட்டில் மூன்று வேளை ரொட்டி என்றால் நாளுக்கு இரண்டு கிலோ மா வேண்டும். 800 ரூபா. மிச்சம் 200இல் மற்றதெல்லாம்.

எங்கள் ரொட்டியில் தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) போடுவார்கள். அதுதான் அதற்கு மிருதுவைத் தரும். அந்த வருடம் முதலில் போனது தேங்காய். தேங்காய் போடாத ரொட்டி காலையில் சுட்டால் பத்தரை மணி இடைவேளைக்குத் தோல் மாதிரி ஆகிவிடும். ஆண்டு மூன்று வகுப்பில் ஒரு பிள்ளை அதைக் கடித்து இழுக்க முடியாமல், தண்ணீர்ப் போத்தலின் மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் தோய்த்துத் தின்றாள். அடுத்த நாள் பார்த்தால் அந்த மேசையில் நாலு பிள்ளைகளும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் வந்தபோது, அந்தப் பையில் இருந்த தமிழ் எழுத்தைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஒரு பை எத்தனை நாள்?

எங்கள் மலையில் விளையும் கரட்டும் லீக்சும் கண்ணுக்கு முன்னால் லொறியில் ஏறிக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் போகின்றன. நாங்கள் கடையில் வாங்கும்போது அதுவும் ஊர் சுற்றிவந்த விலைதான்.


பதிவு 6 – ஸ்காபரோவிலிருந்து

தங்கச்சி, உங்கள் பதிவை மூன்று தரம் வாசித்தேன். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஒருநாளும் இந்தப் பக்கம் வந்ததில்லை. அப்பாவின் தோட்டத்தில் மிளகாய் ஆய்ந்த ஒரு குடும்பம் ஞாபகம் இருக்கிறது. மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று மட்டும் தெரியும். ஏன் வந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2021இலும் 22 தொடக்கத்திலும் ஊருக்குக் காசு அனுப்பும்போது வங்கி டொலருக்கு 200 சொச்சம்தான் தந்தது, உண்டியலில் (வங்கிக்குப் போகாமல் ஆள்வழியாகக் காசு மாற்றுவது) 240க்கு மேல் தந்தார்கள். சகோதரிக்கு நாலு காசு கூடக் கிடைக்கட்டும் என்று நான் உண்டியலில்தான் அனுப்பினேன். இங்கே எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான். அந்த டொலர் நாட்டுக்குள் வராததால்தான் பால்மாப் பெட்டி துறைமுகத்தில் கிடந்ததா? கணக்கு எழுதும் அண்ணா சொல்லவேண்டும்.


பதிவு 7 – புறக்கோட்டைக் கணக்கு

உங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 2020இல் வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 7.1 பில்லியன் டொலர். 2021இல் 5.5, 2022இல் 3.8. விழுந்தது உண்மை. ஆனால் ஒரு டொலருக்கு வெளியே 240 கிடைக்கும்போது 200க்கு வங்கியில் கொடு என்று பிடித்துவைத்தவர்களுடைய பிழைதான் பெரிது. உண்டியல் டொலர் முழுவதும் காணாமலும் போகவில்லை. வங்கி கைவிட்ட பிறகு எத்தனையோ பேர் அந்தக் காசில்தான் பருப்பும் சீனியும் இறக்கினார்கள். கடையில் கொஞ்சமாவது சாமான் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். என்ன, 240, 250 என்று வாங்கிய டொலருக்கு ஏற்ற விலைதான் பொருளுக்கும்.

சீனித் தீர்வையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. தீர்வை குறைந்த அன்று களஞ்சியத்தில் சீனி வைத்திருந்தவனுக்கும், அடுத்த கப்பலைக் கொண்டுவந்தவனுக்கும் போன காசு அது. மக்களுக்கு வரவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

இறக்குமதியை மூடச் சொன்னீர்கள். மஞ்சளை மூடிப் பார்த்தார்கள் அல்லவா. கிலோ சில நூறு ரூபாவாக இருந்தது ஆயிரங்களுக்குப் போனது. விவசாயி நட்டு, ஒன்பது மாதம் காத்து, அவித்து, காயவைத்து எடுப்பதற்குள் மக்கள் மஞ்சள் இல்லாமல் கறி வைத்தார்கள். மூடுவதென்றால் முதலில் விதைக்கவேண்டும், பிறகு மூடவேண்டும்.


பதிவு 8 – நெடுந்தீவான்

அந்த மஞ்சள் மூடைகள் எங்கள் கடல் வழியாகத்தான் வந்தன. கடற்படை மறித்தால் மூடையைக் கடலில் தள்ளிவிட்டு ஓடுவார்கள், கரையில் ஒதுங்கும்.

நீங்கள் எல்லோரும் இலங்கையைத் தீவு என்று பேசுகிறீர்கள். நாங்கள் தீவுக்குள் தீவு. யாழ்ப்பாணத்தில் 230 ரூபா அரிசி எங்களிடம் அந்த விலைக்கு ஏன் வராது என்று சொல்கிறேன். பட்டணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு லொறிக்கூலி. இறங்குதுறையில் மூடை இறக்க ஒரு கூலி, படகில் ஏற்ற ஒரு கூலி. படகுக்கு ஒரு மணித்தியாலக் கடல். மாவிலித்துறையில் இறக்க மறுபடி கூலி, அங்கிருந்து கடைக்கு லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்). ஒரே மூடையை ஐந்து கை தூக்குகிறது. கை மாறும் இடத்திலெல்லாம் கொஞ்சம் அரிசி சிந்தும், அதற்கும் விலையில் இடம் வைக்கவேண்டும்.

2022இல் அரிசியை விட எண்ணெய்தான் எங்களைக் கொன்றது. டீசல் இல்லை, படகு ஒருநாள் ஓடினால் மறுநாள் ஓடாது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது, ஓகஸ்டில் ஒரே அடியாக 340 ஆக்கினார்கள். 87க்கு இருந்த காலத்தில் கிடைக்கவில்லை, 340 ஆனபோது வாங்கக் காசில்லை. சின்ன வள்ளத்துக்கு ஒரு தொழிலுக்கு 15, 20 லீற்றர் வேண்டும். மீன் படாமல் வெறுங்கையோடு வந்தால் எண்ணெய்க் கடன்தான் மிச்சம். அதனால் பலர் வள்ளத்தை ஏற்றிவைத்துவிட்டுக் களங்கட்டி வலையும் கரைவலையுமாய் நின்றார்கள். சுற்றிவரக் கடல், ஆனால் கறிக்கு மீன் இல்லை.

சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) எழும்பினால் இன்றைக்கும் அதேதான். மூன்று நாள் படகு இல்லையென்றால் கடையில் பாண் இல்லை, முட்டை இல்லை. வீட்டில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) இருந்தால் மா இடித்துக் கூழ். பனை இருக்கும்வரை யாரும் சாகமாட்டோம் என்று ஆச்சி சொல்வார். உண்மைதான், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் தொடர்ந்து கூழ் ஊற்ற முடியாது.


பதிவு 9 – தாவடிப் பிள்ளை

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொட்டகலை அக்காவின் பதிவில் ரொட்டி வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மிச்சத்தைக் கேட்டார்.

பிறகு 90களைப் பற்றிப் பேசினார். பொருளாதாரத் தடையால் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பற்றரியும் வராத காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, எண்ணெய் விட்டு, திரி போட்டு எரித்த விளக்கில் அண்ணா சோதனைக்குப் படித்தார். சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி. 'அப்ப சாமான் இல்லை, எல்லாருக்கும் இல்லை. கடைக்காரனுக்கும் இல்லை. இப்ப சாமான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. பிள்ளை கேட்டால் என்னத்தைச் சொல்லுறது' என்றார். அவருக்கு இரண்டாவதுதான் கஷ்டமாம்.

தேங்காய்க்குத்தான் ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கு டொலரும் வேண்டாம், கப்பலும் வேண்டாமே.


பதிவு 10 – மாதம்பைத் தென்னை

நான் சொல்கிறேன். குருநாகல், புத்தளம், கம்பஹா மூன்றும் சேர்ந்ததுதான் தென்னை முக்கோணம். நான் அதற்குள் ஒரு தோட்டத்தில் மேற்பார்வை வேலை.

பாளை வெடித்து முற்றிய தேங்காயாக ஏறத்தாழ ஒரு வருடம். அந்தப் பாளை மரத்துக்குள் உருவாகத் தொடங்குவது அதற்கும் வெகு முன்பு. ஆகவே இன்றைக்குப் பறிக்கும் காய் போன வருட வெயிலின் கணக்கு. சூடு கூடினால் குரும்பட்டி (பிஞ்சுக் காய்) நிற்காமல் உதிரும். அதற்கு மேல், 2021, 22இல் பலர் தென்னைக்கு உரமே போடவில்லை. நெல் அந்தப் போகத்திலேயே காட்டிக்கொடுக்கும். தென்னை சொல்லாமல் இருந்து, வருடம் கழித்துக் காட்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு பறிப்புக்கு மரத்துக்கு ஏழு, எட்டு விழுந்த இடத்தில் இப்போது நாலு.

மிச்சத்தைக் குரங்கு. இளநீர்ப் பருவத்திலேயே திருகிக் குடித்துவிட்டு எறிகிறது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, நாடு முழுக்க ஐந்து நிமிடம் அவரவர் காணிகளில் நிற்கும் மிருகங்களை எண்ணச் சொன்னார்கள். நானும் எண்ணினேன். இருக்கும் காய்க்குத் தேங்காய்ப்பால், எண்ணெய், துருவல் ஏற்றுமதி ஆலைகளும் போட்டி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், டொலர் கொண்டுவருபவர்கள் அவர்கள்தான். ஆனால் காய் குறைந்தால் ஏலத்தில் யார் கை உயரும் என்று தெரியும்.

இரண்டு நல்ல மழைப் பருவமும் உரமும் வந்தால் தேங்காய் இறங்கும். பருப்பு மாதிரி அல்ல, இது இறங்கக்கூடிய விலை. அம்மாவிடம் சொல்லுங்கள்.


பதிவு 11 – வட்டக்கச்சி வயல்

அரிசியும் இறங்கக்கூடியதுதான். தடுப்பது நெல்லை வைத்திருக்க இடமில்லாமை.

2025 காலபோக அறுவடைக்கு அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்றது. நல்லது. ஆனால் அந்த விலைக்கு நெல் காய்ந்திருக்கவேண்டும். மாசியில் இயந்திரம் வெட்டித்தள்ளும்போது நெல் ஈரம். காயவைக்கத் தளமில்லை, வீதியோரத்தில் படங்கை விரித்தால் மழை. வெட்டுக்கூலி, உரக்கடன், நகை அடகு எல்லாம் அதே கிழமையில் கேட்டு நிற்கும். நான் பாதியை 95க்குக் கொடுத்தேன். வாசலில் லொறி, கையில் காசு. சித்திரை கழிந்து சந்தையில் அரிசி குறையும்போது அதே நெல் வேறொருவருடைய களஞ்சியத்திலிருந்து வேறு விலைக்கு வெளியே வரும்.

நூறு கிலோ நெல் குற்றினால் 64, 65 கிலோ அரிசி. ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட நெல். 120ஓடு பெருக்கிப் பாருங்கள், 190க்குள். 95ஓடு பெருக்கினால் 150 வராது. கடையில் 230. நடுவில் இருப்பது ஆலைக்காரரின் கொள்ளை மட்டும் என்று சொல்லமாட்டேன், அவர்களுக்கும் வட்டி, மின்சாரம் இருக்கிறது. ஆனால் ஒரு உலர்த்தும் தளமும் ஒரு களஞ்சியமும் எங்கள் சங்கத்துக்கு இருந்தால், நான் மாசியில் அவசரப்பட்டு விற்கமாட்டேன், நீங்கள் ஆடியில் இவ்வளவு கொடுக்கமாட்டீர்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இருக்கிறது, நிலம் இருக்கிறது. கூரை இல்லை.


பதிவு 12 – கொட்டகலை ஆசிரியை

ஐயா, மீதிப் பாதி நெல் உங்களிடம் இருக்கிறதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த இழையில் யாரோ வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 2022இல் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து மரக்கறி நடச் சொன்னார்கள். லயத்தில் எங்கே நடுவது? ஆனால் எங்கள் பாடசாலைப் பெற்றோரில் நாற்பது குடும்பம் சேர்ந்து மாதம் ஒருமுறை அரிசி எடுக்கத் தயார். மொத்தமாக எடுத்தால் கிலோவுக்கு 20, 25 ரூபா குறையுமா? ஐந்து பேர் வீட்டுக்கு அது மாதத்தில் பிள்ளைகளின் கொப்பிக் காசு. வியாபாரிகள் எங்களுக்கு மொத்த விலைக்குத் தருவதில்லை, கடன் கொப்பியில் வாங்குபவர்கள் விலை பேச முடியாது.


பதிவு 13 – வட்டக்கச்சி வயல்

இருக்கிறது பிள்ளை. பன்னிரண்டு மூடை காயவைத்து வீட்டு விறாந்தையில் அடுக்கியிருக்கிறேன். 780 கிலோ வரும். அவித்துக் குற்றினால் 500 கிலோ அரிசி. நெல்லை 120க்கே போடுகிறேன், அதற்குக் குறைத்தால் எனக்குக் கட்டாது. உங்களுக்கு 190க்குள் நிற்கும். குற்றுகூலிக்குத் தவிடு கழியும், மிச்சம் கிலோவுக்கு ஐந்து ரூபாவுக்கு மேல் வராது.

ஏற்றுகூலிதான் கேள்வி. நுவரெலியாவிலிருந்து கரட், கோவா (முட்டைக்கோஸ்) ஏற்றிக் கிளிநொச்சிச் சந்தைக்கு வாரத்தில் இரண்டு லொறி வருகிறது. திரும்பும்போது வெறும் பெட்டிதான் ஏற்றிப்போகிறார்கள். சாரதியிடம் நாளை கேட்கிறேன். கிலோவுக்கு எட்டு, பத்து ரூபாவுக்குச் சம்மதித்தால் உங்களுக்கு 205க்குள் வந்து சேரும். புது அரிசி, தண்ணீர் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், குழைந்துவிடும். காசு அரிசி கண்ட பிறகு கொடுத்தால் போதும்.


பதிவு 14 – ஸ்காபரோவிலிருந்து

முதல் தடவை லொறிக்கூலி முழுவதும் என்னுடையது. இந்த முறை வங்கியில்தான் அனுப்புவேன். ஐயா, அந்த உலர்த்தும் தளத்துக்கு எவ்வளவு சீமெந்து வேண்டும் என்று உங்கள் சங்கத்தில் பேசி ஒரு கணக்கு எழுதுங்கள். இங்கே ஊர்ச் சங்கத்தில் வருடாவருடம் கோயில் திருவிழாவுக்குச் சேர்க்கிறோம். இதையும் வைத்துப் பார்க்கிறேன்.


பதிவு 15 – நெடுந்தீவான்

அண்ணை, மலையகத்துக்குக் கொடுத்தது போக இரண்டு மூடை அரிசி மிஞ்சினால் எங்கள் பக்கமும் பாருங்கள். குறிகட்டுவான் வரை வந்தால் போதும், படகில் ஏற்றுவது என் பொறுப்பு. சித்திரை கடைசிக்கு முன்பு அனுப்பவேண்டும், அதற்குப் பிறகு சோளகம் பிடித்துவிடும். இரட்டைச் சாக்கில் கட்டுங்கள். படகின் அணியப் பக்கம் தண்ணீர் அடிக்கும்.